தம்பதியாக டைம்லாப்ஸ் எடுக்கத் தொடங்கலாமா?

உங்களுக்கு கேமரா பழக்கம் இருக்கிறது, கணவரிடம் ஃபோன் மட்டும்தான். இருவரும் சேர்ந்து செய்கிற மாதிரி ஒரு பொழுதுபோக்கு வேண்டும், டைம்லாப்ஸ் (இடைவெளிவிட்டு எடுத்த படங்களைச் சேர்த்து, மெல்ல நடப்பதை வேகமாகக் காட்டும் வீடியோ) அதற்குச் சரிவருமா, என்னென்ன தேவைப்படும், எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

சரிவரும். சாதாரணப் புகைப்படத்தைவிட இது இரண்டு பேருக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும். புகைப்படத்தில் ஒருவர் வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்துவிட்டால் மற்றவருக்கு அங்கே வேலை கிடையாது. பையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். டைம்லாப்ஸில் முடிவுகள் எல்லாம் தொடக்கத்திலேயே எடுக்கப்பட்டுவிடும். கேமராவை எங்கே வைப்பது, எதைப் பார்த்து வைப்பது, எத்தனை நொடிக்கு ஒரு படம் என்று நிதானமாகப் பேசித் தீர்க்கலாம். அப்புறம் கேமரா தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். அரை மணியோ மூன்று மணியோ, இருவருக்கும் கை காலி.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. கேமரா தெரிந்தவர் ஆசிரியராகவும் மற்றவர் எடுபிடியாகவும் ஆகிவிட்டால் கொஞ்ச நாளில் ஒருவர் மட்டும் தனியாகப் போய் எடுத்துக்கொண்டிருப்பார். எந்தக் கருவியை வாங்குவது என்பதைவிட வேலையை எப்படிப் பிரிப்பது என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வியாகத் தெரிகிறது. அதற்கு வருகிறேன். முதலில் கணக்கு, ஏனென்றால் எல்லாம் அதில்தான் நிற்கிறது.

வீடியோ நொடிக்கு 24, 25 அல்லது 30 ஃபிரேம், அதாவது படம், என்ற வேகத்தில் ஓடும். 24 என்று வைத்துக்கொண்டால் 10 நொடி கிளிப்புக்கு 240 படங்கள் வேண்டும். 5 நொடிக்கு ஒரு படம் எடுத்தால் அதற்கு 20 நிமிடம் ஆகும். 30 நொடிக்கு ஒன்று எடுத்தால் அதே 10 நொடி கிளிப்புக்கு 2 மணி நேரம் உட்கார வேண்டும். இந்தக் கணக்குக்கு கேமரா அறிவு எதுவும் தேவையில்லை. அதனால் இடைவெளியைத் தீர்மானிக்கும் பொறுப்பை முதல் நாளிலிருந்தே உங்கள் கணவரிடம் கொடுத்துவிடுங்கள். ஒரு கிளிப் எப்படி இருக்கும் என்பதில் பாதியை முடிவு செய்வது அந்த எண்தான்.

எதற்கு எவ்வளவு? வேகமாக ஓடும் மேகத்துக்கும் தெருவில் நடக்கும் மனிதர்களுக்கும் 1 அல்லது 2 நொடி. சோம்பலான மேகம், சூரிய அஸ்தமனம் என்றால் 4, 5 நொடி. தரையில் நகரும் ஜன்னல் நிழலுக்கு 20 முதல் 30 நொடி. மொட்டு விரிவதற்குப் பூவைப் பொறுத்து 1 முதல் 5 நிமிடம். விதை முளைப்பதற்கு 10, 15 நிமிடம் போதும். சந்தேகம் வந்தால் சின்ன இடைவெளியையே வையுங்கள். படங்கள் அதிகமாக இருந்தால் ஒன்று விட்டு ஒன்றை எடுத்துப் போட்டுவிடலாம். எடுக்காத படத்தைப் பிறகு உண்டாக்க முடியாது.

கருவி விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். கணவரிடம் இருக்கும் ஃபோனே தொடக்கத்துக்குப் போதும். ஐஃபோனில் 2014-ல் வந்த ஐஓஎஸ் 8 முதல் இந்த வசதி இருக்கிறது, ஆண்ட்ராய்டு ஃபோன்கள் பெரும்பாலானவற்றிலும் உண்டு. ஐஃபோன் ஒரு தந்திரம் செய்யும்: நீங்கள் ஓடவிடும் நேரம் கூடக்கூட அதுவே இடைவெளியை நீட்டிக்கொண்டு போய், கடைசியில் ஒரு நிமிடத்துக்குள் அடங்குகிற கிளிப்பாகக் கொடுத்துவிடும். வசதிதான். ஆனால் தனித்தனிப் படங்கள் கையில் மிஞ்சாது, பிறகு திருத்த வழி குறைவு. எடுக்கும்முன் திரையில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிடுங்கள், ஃபோனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். பாதியில் வரும் ஓர் அழைப்பு எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

கேமராவில் எடுப்பதானால் இன்டர்வலோமீட்டர் வேண்டும், அதாவது குறித்த இடைவெளியில் தானாக ஷட்டரை அழுத்தும் அமைப்பு. இன்றைய கேமராக்கள் பலவற்றில் அது மெனுவிலேயே இருக்கும். இல்லையென்றால் தனியாக ஒரு ரிமோட்டாகக் கிடைக்கும். காசு செலவழிக்கத் தோன்றினால் ட்ரைபாடில், அதாவது கேமராவைத் தாங்கும் முக்காலியில், செலவழியுங்கள். நடுத்தண்டை உயர்த்தாமல் கால்களை விரித்துத் தாழ்வாக வையுங்கள். காற்றடிக்கிறது என்று பையை நடுவில் தொங்கவிடுபவர்கள் உண்டு. அந்தப் பை தரையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது ஊசலாடி இன்னும் ஆட்டும். ட்ரைபாடில் ஏற்றியதும் இமேஜ் ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடுங்கள். ஆடாத கேமராவை அது சரிசெய்யப் பார்த்து ஃபிரேமைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தும்.

இனி ஃப்ளிக்கர். புதிதாக எடுப்பவர்களை அதிகம் வெறுக்க வைப்பது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு படமும் அழகாக இருக்கும். வரிசையாக ஓடவிட்டால் வெளிச்சம் படபடவென்று துடிக்கும். முதல் காரணம் கேமராவின் ஆட்டோ மோட். ஒரு மேகம் கடந்தாலே கேமரா எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்ச அளவை, மாற்றிவிடும். எனவே ஷட்டர் (ஒளி விழும் நேரம்), அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு), ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) மூன்றையும் மேனுவலில், அதாவது நீங்களே வைக்கும் முறையில், வையுங்கள். நிறச் சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸையும் ஏதாவது ஒன்றில் நிறுத்திவிடுங்கள், ஃபோகஸும் மேனுவல்.

இவ்வளவும் செய்த பிறகும் துடிப்பு வரும், அப்போதுதான் பலர் குழம்புவார்கள். காரணம் லென்ஸுக்குள் இருக்கிறது. நீங்கள் அப்பர்ச்சரை எஃப்/8 என்ற சிறிய திறப்பில் வைத்தாலும் லென்ஸின் இதழ்கள் சாதாரணமாக முழுக்கத் திறந்தேதான் இருக்கும். ஒவ்வொரு படத்துக்கும் எஃப்/8 வரை மூடித் திரும்பத் திறக்கும். ஒவ்வொரு முறையும் மயிரிழை பிசகாமல் அதே அளவுக்கு மூடாது. ஒற்றைப் படத்தில் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, 240 படங்கள் ஓடும்போது தெரியும். லென்ஸை முழுக்கத் திறந்து வைத்து எடுப்பது ஒரு வழி. லென்ஸிலேயே வளையத்தைத் திருகி அப்பர்ச்சர் வைக்கும் பழைய மேனுவல் லென்ஸ் கிடைத்தால் அது இன்னும் நல்லது. அதன் இதழ்கள் வைத்த இடத்திலேயே நிற்கும்.

வீட்டுக்குள் எடுக்கும்போது எல்இடி விளக்குகளும் இதே வேலையைச் செய்யும். மின்சாரம் நொடிக்கு 50 அல்லது 60 சுழற்சியில் வருவதால் பல விளக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் மினுங்கிக்கொண்டேதான் இருக்கின்றன. ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/60-க்கும் கீழே, 1/10 என்றுகூட வைத்தால் அந்த மினுக்கம் சமனாகிவிடும். கடைசிக் காரணம் நீங்கள் இருவரும்தான். கேமராவுக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டையோடு உலாவினாலோ, இருட்டில் ஃபோன் திரையைத் திறந்தாலோ, அந்த வெளிச்சம் ஃபிரேமில் போய் விழும்.

ஷட்டர் வேகத்தைப் பற்றி ஒன்று. அசைவு வழவழப்பாகத் தெரிய, இடைவெளியில் பாதி நேரம் ஷட்டர் திறந்திருக்க வேண்டும் என்று ஒரு வழக்கு உண்டு: 2 நொடி இடைவெளிக்கு 1 நொடி ஷட்டர். பகல் வெளிச்சத்தில் அதற்குக் கறுப்புக் கண்ணாடி போன்ற என்டி ஃபில்டர் தேவைப்படும். 10 ஸ்டாப் ஃபில்டர் வெளிச்சத்தை ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும். மனிதர்களும் வண்டிகளும் வரும் காட்சியில் இது நிஜமாகவே வித்தியாசத்தைக் காட்டும். மேகத்துக்கு அவ்வளவாகத் தேவையில்லை என்பது என் கருத்து. முதல் சில மாதங்களுக்கு இதை மறந்துவிடலாம்.

சரி, வேலைப் பிரிவினைக்கு வருவோம். எரிமலைகளைத் தேடித் திரிந்த பிரெஞ்சுத் தம்பதி காத்யா கிராஃப்ட், மௌரிஸ் கிராஃப்ட் இருவரில், காத்யா புகைப்படம் எடுப்பார், மௌரிஸ் சினிமா கேமராவைப் பிடிப்பார். இருவரும் ஒரே எரிமலையின் முன்னால்தான் நிற்பார்கள், ஆனால் ஆளுக்கொரு கருவி, ஆளுக்கொரு பார்வை. உங்களுக்கும் அப்படி ஓர் ஏற்பாடு வேண்டும். நான் பரிந்துரைப்பது இது: ஃபிரேம் வைத்தவர் எடிட் செய்யக் கூடாது. ஒரு தொடரை நீங்கள் எடுத்தால் அதைக் கணவர் வெட்டிச் சேர்க்கட்டும், அடுத்ததில் மாற்றிக்கொள்ளுங்கள். எடுத்தவருக்குத் தான் பட்ட பாடு நினைவில் இருக்கும், அதனால் மனம் வந்து எதையும் வெட்ட மாட்டார். அங்கே உட்கார்ந்து ட்ரைபாடோடு போராடாதவருக்குத்தான் எது நன்றாக வந்திருக்கிறது என்பது தெரியும். எடிட்டிங் கேமராவைவிட வேகமாகக் கற்றுக்கொள்ளக்கூடியது என்பதால் உங்களுக்குள் இருக்கும் அனுபவ இடைவெளியும் இதில் சீக்கிரம் குறைந்துவிடும்.

இன்னொரு வழி இரண்டு கருவி. உங்கள் கேமரா வானத்தை அகலமாகப் பார்த்துக்கொண்டிருக்க, அவருடைய ஃபோன் அதே நேரத்தில் தண்ணீரில் விழும் பிரதிபலிப்பையோ, சுவரில் ஏறும் நிழலையோ பார்க்கட்டும். ஒரே ஒரு மணி நேரத்தின் இரண்டு கோணங்களை மாற்றி மாற்றி வைத்தால் ஒற்றைக் கிளிப்பைவிட எப்போதுமே பார்க்க நன்றாக இருக்கும்.

அன்றைக்கு யார் சொல்வது இறுதி என்பதைக் கிளம்பும்போதே பேசிவிடுங்கள். உங்களுக்கு அதிகம் தெரியும் என்பதால், அவருடைய நாளில் கேட்டால் மட்டும் பதில் சொல்லுங்கள். தொடர் ஓடத் தொடங்கிவிட்டால் இருவருமே கேமராவைத் தொடக் கூடாது. “கொஞ்சம் இடதுபக்கம் திருப்பலாமா” என்று பத்தாவது நிமிடத்தில் ஒருவருக்குத் தோன்றும், தோன்றாமல் இருக்காது. திருப்பினால் வீடியோவில் அந்த இடம் ஒரு குதிப்பாகத் தெரியும். வேண்டுமானால் அதை நிறுத்திவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

காத்திருக்கும் நேரத்தில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். பேசலாம், பேசாமலும் இருக்கலாம். ஒருவர் காலாற நடந்துவிட்டு வரலாம், மற்றவர் ட்ரைபாட் பக்கத்தில் இருக்க வேண்டும். உருப்படியான ஒரு வேலை உண்டு: ஒலிப்பதிவு. டைம்லாப்ஸுக்குச் சத்தமே கிடையாது என்பதால் எல்லோரும் ஏதோ ஓர் இசையைப் போட்டுவிடுகிறார்கள். அந்த இடத்தின் சத்தத்தை, காற்றோ அலையோ பறவையோ, கேமராவிலிருந்து தள்ளிப்போய் ஃபோனில் இரண்டு மூன்று நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். வேகமாக ஓடும் மேகத்துக்கு அடியில் நிஜ வேகத்தில் ஒலிக்கும் அந்தச் சத்தம் எந்த இசையையும்விட நன்றாகப் பொருந்தும்.

வெளியே போக நேரம் அமையாத தம்பதிகளுக்கு வீட்டுக்குள் ஒரு செடிதான் மிகச் சிறந்த தொடக்கம். இதற்கு ஒரு நல்ல முன்கதையும் உண்டு. சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் செடிகளின் அசைவை ஆராய்ந்து 1880-ல் வெளியிட்டார்கள். செடியில் மெல்லிய கண்ணாடி இழையை ஒட்டி, அதன் நுனி இருக்கும் இடத்தை அவ்வப்போது ஒரு கண்ணாடித் தகட்டில் புள்ளியாகக் குறித்து, பிறகு புள்ளிகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். தண்டின் நுனி வட்டமடித்துக்கொண்டே வளர்கிறது என்பது அப்படித்தான் அவர்களுக்குத் தெரிந்தது. கேமரா இல்லாமல் செய்த டைம்லாப்ஸ் என்றே அதைச் சொல்லலாம். அவரைக் கொடியின் நுனி பற்றுக்கோல் தேடிச் சுழல்வதை உங்கள் வீட்டு மேசையிலேயே எடுக்க முடியும்.

அவரை விதையை ஓர் இரவு ஊறவைத்துத் தொட்டியில் ஊன்றுங்கள். 15 நிமிடத்துக்கு ஒரு படம் என்றால் ஒரு நாளைக்கு 96, ஆறு நாளில் 576. நொடிக்கு 24 வீதம் 24 நொடி கிளிப். ஜன்னல் வெளிச்சம் மணிக்கு மணி மாறும் என்பதால் திரையை இழுத்து மூடிவிட்டு ஒரே ஒரு விளக்கைத் தொடர்ந்து எரியவிடுங்கள். விளக்கு மேலிருந்து வர வேண்டும். பக்கவாட்டில் வைத்தால் செடி அந்தப் பக்கமாகவே சாய்ந்து ஃபிரேமைவிட்டுப் போய்விடும். வெறும் மண்ணை மட்டும் பார்த்துக்கொண்டு ஃபிரேமை நெருக்கமாக வைக்காதீர்கள், மேலே மூன்றில் இரண்டு பங்கு காலியாக இருக்கட்டும். பேட்டரி ஆறு நாள் தாங்காது. பேட்டரி வடிவில் இருக்கும் மின் அடாப்டர் பல கேமராக்களுக்குக் கிடைக்கிறது. தண்ணீர் ஊற்றுவது தனிக் கலை. தொட்டியை அசைக்காமல், இரண்டு படங்களுக்கு நடுவில், ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். யார் எப்போது ஊற்றினார்கள் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் இருவருமே ஊற்றுவீர்கள், அல்லது இருவருமே ஊற்ற மாட்டீர்கள்.

பகல் இரவாக மாறுவதை ஒரே தொடரில் எடுப்பது எல்லோருக்கும் ஆசை. பகலுக்கும் நட்சத்திர இரவுக்கும் வெளிச்ச வித்தியாசம் லட்சக்கணக்கான மடங்கு என்பதால் வழியெல்லாம் எக்ஸ்போஷரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும், பிறகு அந்தப் படிகளைச் சமன்படுத்த குந்தர் வெக்னர் உருவாக்கிய எல்ஆர்டைம்லாப்ஸ் போன்ற மென்பொருளும் தேவைப்படும். இப்போதைக்கு வேண்டாம். எக்ஸ்போஷரைப் பூட்டிவிட்டு, சூரியன் மறைந்து காட்சி மெல்ல இருளில் அமிழ்வதை அப்படியே விடுங்கள். அதுவே நன்றாக இருக்கும்.

நட்சத்திரங்களுக்குத் தாராளமாக முயலலாம். பூமி மணிக்கு 15 டிகிரி சுழல்வதால் ஷட்டரை அதிக நேரம் திறந்து வைத்தால் நட்சத்திரம் கோடாக இழுபடும். 500-ஐ லென்ஸின் ஃபோகல் லெங்த்தால் (லென்ஸில் மில்லிமீட்டரில் எழுதியிருக்கும் எண்) வகுத்தால் வருவது ஏறத்தாழ உங்கள் எல்லை: 24 மில்லிமீட்டருக்கு 20 நொடி. கேமராவுக்குள் ஒளியைப் பதியும் சென்சார் சிறியதென்றால் முதலில் ஃபோகல் லெங்த்தை 1.5-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். 20 நொடி ஷட்டருக்கு 22, 23 நொடி இடைவெளி வையுங்கள், கேமரா கோப்பை எழுத நேரம் வேண்டும். நிலா இல்லாத இரவாகப் பாருங்கள். சூரியன் தொடுவானத்துக்கு 18 டிகிரி கீழே போன பிறகுதான் வானம் முழுதாக இருட்டும். லென்ஸில் பனி படிவதுதான் இங்கே பெரிய எதிரி. கை சூடாக்கும் பொட்டலம் ஒன்றை ரப்பர் பேண்டால் லென்ஸைச் சுற்றிக் கட்டினால் தப்பிக்கலாம். இதில் ஒரு லாபமும் உண்டு. அதே படங்களை ஸ்டார்ஸ்டாக்ஸ் என்ற இலவச மென்பொருளில் அடுக்கினால் நட்சத்திரங்கள் வட்ட வட்டக் கோடுகளாக ஒரே படமாகிவிடும். ஒருவர் வீடியோ செய்யட்டும், மற்றவர் அந்தப் படத்தைச் செய்யட்டும்.

இரண்டு பேர் இருந்தால் நிஜமாகவே வேலை பாதியாவது ஹைப்பர்லாப்ஸில், அதாவது கேமராவை நகர்த்திக்கொண்டே எடுக்கும் டைம்லாப்ஸில்தான். ஒவ்வொரு படத்துக்கும் ட்ரைபாடை ஓர் அடி நகர்த்தி வைத்து, தூரத்தில் ஒரே புள்ளியை, ஒரு கடிகாரமோ ஜன்னல் மூலையோ, எப்போதும் திரையின் அதே கட்டத்தில் நிறுத்த வேண்டும். தனியாளுக்கு இது முதுகு ஒடிக்கும் வேலை. ஒருவர் தரையில் இருக்கும் நேர்கோட்டைப் பார்த்து நகர்த்த, மற்றவர் திரையைப் பார்த்து “இன்னும் கொஞ்சம் வலது, போதும்” என்று சொன்னால் பாதி நேரத்தில் முடியும். மிச்ச ஆட்டத்தை எடிட்டிங்கில் ஸ்டெபிலைஸ் செய்துகொள்ளலாம்.

எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வ் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பு போதும். எண் வரிசையில் இருக்கும் படங்களை அது ஒரே கிளிப்பாக எடுத்துக்கொள்ளும். 4கே திரைக்கு 3840-க்கு 2160 பிக்ஸல்தான் வேண்டும். 24 மெகாபிக்ஸல் படம் 6000-க்கு 4000 இருக்கும். மிச்சமிருக்கும் அந்த இடத்தை வைத்து ஃபிரேமுக்குள்ளேயே மெதுவாக நகரலாம், நெருங்கலாம், கேமரா நகர்ந்த மாதிரியே தெரியும். எடுத்தது எவ்வளவு நீளமாக இருந்தாலும், வெட்டிச் சேர்க்கும்போது எந்தக் கிளிப்பையும் 8 நொடிக்கு மேல் விடாதீர்கள். நீங்கள் இரண்டு மணி நேரம் காத்திருந்தீர்கள் என்பது பார்ப்பவருக்குத் தெரியாது. எங்கே வெட்டுவது என்பதில் ஒத்துவரவில்லையென்றால் விவாதித்து நடுவில் ஒரு முடிவுக்கு வர வேண்டாம். ஆளுக்கொரு பதிப்பு செய்யுங்கள், ஒரே படங்களிலிருந்து இரண்டு வேறு கிளிப்புகள் கிடைக்கும்.

இடப் பிரச்சினை சீக்கிரமே வரும். ராவில் (கேமரா சுருக்காமல் தரும் மூலக் கோப்பு வடிவம்) எடுத்தால் ஒரு படம் 25, 30 எம்பி. 300 படங்களுக்கு 8, 9 ஜிபி. தொடக்கத்தில் சுருக்கிய வடிவமான ஜேபெக்கே போதும். மெக்கானிக்கல் ஷட்டருக்கும் ஆயுள் உண்டு, பல கேமராக்களுக்கு ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சம் படங்கள் வரை என்று சொல்லியிருப்பார்கள். ஒரு மாலையிலேயே ஐந்நூறு போய்விடும் என்பதால் எலெக்ட்ரானிக் ஷட்டர் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், எல்இடி வெளிச்சத்தில் மட்டும் அது பட்டை பட்டையாகக் கோடு போடலாம். கிளிப் முடிந்ததும் 4கே-வில் ஒரு பிரதி வைத்துக்கொண்டு, மூலப் படங்களில் நன்றாக வந்த தொடர்களை மட்டும் சேமியுங்கள். மற்றதை அழிக்கும்போது இருவரும் பக்கத்தில் இருங்கள். ஒருவர் குப்பை என்று நினைக்கும் தொடரில்தான் மற்றவருக்குப் பிடித்த அந்த நாலு நொடி இருக்கும்.